நாய் வளர்ப்பவர்கள் செயற்கைப் புல் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று மாலை மண்வெட்டி நுனியைக் கொடுத்து, வீட்டு முற்றத்தில் போட்டிருக்கும் செயற்கைப் புல்லின் ஒரு மூலையை நெம்பித் தூக்கினேன். அடியிலிருந்து கிளம்பிய நெடியில் கண் எரிந்து நீர் வழிந்தது. மண் கறுத்து வழுவழுவென்று, விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் சேறாகக் கிடந்தது. என் 8 மாதச் சேமிப்பு அந்தச் சேற்றின் மேல்தான் பச்சையாக விரிந்திருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நடந்ததில் ஒன்றும் விடுபடக் கூடாது.

எங்களிடம் இரண்டு நாய்கள் இருக்கின்றன. பெரியவனுக்கு வயதாகிவிட்டது, சின்னவள் எந்நேரமும் மண்ணைப் பறிப்பவள். முற்றத்தில் முன்பு மரப்பட்டைச் சீவல்களை மூடாக்காக, அதாவது மல்ச்சாக, பரப்பியிருந்தோம். அது மக்க மக்க மேலே புதிதாகக் கொட்ட வேண்டும், சீவல்கள் ரோமத்தில் சிக்கி வீட்டுக்குள் வரும், சின்னவள் சில துண்டுகளைக் கடித்து விழுங்கவும் செய்தாள். இந்தத் தொல்லையெல்லாம் ஒரே செலவில் தீர்ந்துவிடும் என்று நம்பித்தான், செயற்கைப் புல்லை விற்று, ஆள் அனுப்பி விரித்தும் கொடுக்கும் ஒரு நிறுவனத்தை அழைத்தேன்.

வந்தவர் முதலில் தரையில் உட்கார்ந்து பெரியவனின் காதைத் தடவிக் கொடுத்தார். பிறகு, "மேடம், மல்ச் நாய்களுக்கு விஷம், முதலில் இதை அள்ளிக் கொட்டுங்கள்" என்றார். கொக்கோ ஓட்டில் செய்த மூடாக்கில் தியோபுரோமின் இருக்கிறது, அது நாய்களுக்கு நஞ்சு என்பது உண்மை. ஆனால் எங்கள் வீட்டில் இருந்தது சாதாரண மரப்பட்டை, அதில் அந்தப் பொருள் கிடையாது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அடுத்து அவர் பையிலிருந்து செயற்கைப் புல்லின் மாதிரித் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு கையால் அந்தரத்தில் பிடித்தபடி, மறு கையால் ஒரு தம்ளர் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். தண்ணீர் ஒரு நொடி கூடத் தேங்காமல் அடியிலிருந்த துளைகள் வழியே கொட்டியது. "சிறுநீரும் இப்படித்தான் போய்விடும், வாரம் ஒரு முறை தண்ணீர் அடித்தால் போதும்" என்றார். நான் நம்பிய நொடி அதுதான். அன்றே முழுத் தொகையையும், அந்த 8 மாதச் சேமிப்பையும், கொடுத்துவிட்டேன்.

அவர் கையில் இருந்த துண்டின் கீழே வெறும் காற்று இருந்தது, என் முற்றத்துப் புல்லின் கீழே இருப்பது களிமண் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. துளை வழியே இறங்கும் சிறுநீர் எங்காவது வடிந்தாக வேண்டும். அதற்காகத்தான் மேல்மண்ணை வெட்டி எடுத்து, உடைத்த ஜல்லியை 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை பரப்பி, திமிசு போட்டு இறுக்கி, லேசாகச் சரிவும் கொடுத்த பிறகே புல்லை விரிக்க வேண்டும். என் வீட்டில் அவர்கள் மூடாக்கை அள்ளிவிட்டு, மண்ணின் மேல் விரல் பருமன் மணலைத் தூவி, ஒரே பகலில் ஆணி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூலையைத் தூக்கியபோது ஒரு ஜல்லிக் கல்லைக் கூட நான் பார்க்கவில்லை. தேங்கிய சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது, அந்த நெடிதான் என் கண்ணை எரித்தது. மரப்பட்டையில் இருந்த வரை சிறுநீரைச் சீவல்கள் உறிஞ்சிக்கொண்டன, அவற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதைச் செரித்தன, நனைந்து கெட்ட சீவலை அள்ளி வெளியே போடவும் முடிந்தது. பிளாஸ்டிக் இழை இதில் எதையும் செய்யாது.

மூன்றாவது வாரமே நாற்றம் தொடங்கியது. தொலைபேசியில் கேட்டபோது, "புதுப் புல்லின் வாசம், பத்து நாளில் போய்விடும்" என்றார்கள். பத்து நாள் கழித்துக் கேட்டால், நான் கழுவுவது போதவில்லை என்றார்கள். தினமும் கழுவினேன், ஈரத்தில் நாற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை. அடுத்த முறை வேறொருவர் எடுத்து, நாய்களின் உணவை மாற்றிப் பாருங்கள் என்று என்னிடமே சொன்னார். பத்து ஆண்டுகளாக அதே உணவைத்தான் பெரியவன் சாப்பிடுகிறான்! உத்தரவாதத்தைப் பற்றிக் கேட்டேன். அது நிறம் மங்குவதற்கும் இழை உதிர்வதற்கும் மட்டும்தானாம், நாற்றம் அதில் வராதாம், அடித்தளம் என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை. இப்போது என் எண்ணைப் பார்த்தாலே எடுப்பதில்லை. நாயின் காதைத் தடவிய அந்த மனிதரும் எடுப்பதில்லை.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை கூட அவர் சொல்லவில்லை. உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். செயற்கைப் புல்லோ கடும் வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடியது, தண்ணீர் ஊற்றினாலும் சிறிது நேரத்தில் மீண்டும் கொதிக்கிறது. நண்பகலில் பெரியவன் நான்கு கால்களையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றதைப் பார்த்த பிறகு, அவனை மாலை வரை வெளியே விடுவதே இல்லை. நாய்களுக்காகவே போட்ட முற்றம் அது.

செய்ய வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. மாதிரித் துண்டைக் கையில் பிடித்துக் காட்டினால் நம்பாதீர்கள். உங்கள் மண்ணில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். ஜல்லி எத்தனை சென்டிமீட்டர், இழைகளுக்கு இடையே தூவுவது வெறும் மணலா, அம்மோனியாவைப் பிடித்து வைக்கும் ஜியோலைட்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாத தரையில் நாயை விடாதீர்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள், நான் கொடுத்த 8 மாதச் சேமிப்பில் ஒரு பங்கையாவது பிடித்து வைத்திருந்தால் இன்று என் அழைப்பை எடுத்திருப்பார்கள். புல்லை விரிக்கும் முன் அடித்தளத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை, அதனால் நாளை காலை மற்ற மூன்று மூலைகளையும் பெயர்த்துவிட்டுத்தான் எடுக்கப் போகிறேன்.