கிண்டில் ஆறு வருடம்: கருவி பிடித்திருக்கிறது, பூட்டு பிடிக்கவில்லை

அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலை ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். கருவியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மொட்டைமாடி வெயிலிலும் எழுத்து பளிச்சென்று தெரிகிறது, ஒரு முறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் தாங்குகிறது, 2016 கடைசியில் தமிழ்ப் புத்தகங்களும் வந்துவிட்டதால் குண்டு நாவலைப் பேருந்தில் மடியில் சுமக்கும் வேலை இல்லை.

பிரச்சினை, வாங்கிய மின்னூலை நகலெடுக்கவோ நம் இஷ்டப்படி வேறு கருவியில் திறக்கவோ விடாத டிஆர்எம் என்கிற பூட்டில். 'வாங்கு' என்று பொத்தானில் போட்டிருந்தாலும் நமக்குக் கிடைப்பது படிக்கும் உரிமை மட்டும்தான். 2009-இல் அமெரிக்காவில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும் ஆர்வெல்லின் '1984' நாவலை வாங்கியவர்களின் கிண்டிலுக்குள் புகுந்தே அமேசான் அழித்தது. பணம் திரும்ப வந்தது, அமேசானின் அப்போதைய தலைவர் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார், ஆனால் ஒரு பள்ளி மாணவன் அதில் எழுதி வைத்திருந்த குறிப்புகள் எந்த வரிக்கு எழுதியவை என்றே தெரியாமல் அந்தரத்தில் நின்றன. 2025 பிப்ரவரி 26-லிருந்து, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியும் போய்விட்டது.

மற்ற கடைகள் மட்டும் என்ன. வேறொரு செயலியில், பெயர் வேண்டாம், அப்பாவுக்காகக் காசு கொடுத்து ஒரு நாவல் வாங்கினேன். உள்ளே வெறும் ஸ்கேன் பக்கங்கள், எழுத்தைப் பெரிதாக்க வழியில்லை, அவருடைய டேப்லெட்டில் திறந்தால் இதற்கு மேல் வேறு கருவியில் திறக்க முடியாது என்கிறது. மறுநாள் அவருடைய வாக்கிங் நண்பர் அதே நாவலை வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக அனுப்பியிருந்தார். அதே ஸ்கேன், மூலையில் ஏதோ டெலிகிராம் குழுவின் முத்திரை, ஆனால் இரண்டு விரலால் விரித்தால் பெரிதாகிறது! "நீ ஏன்டா காசு கொடுத்தே?" என்றார் அப்பா. ஆயிரம் பிரதி போவதே பெரிய விஷயமாக இருக்கிற தமிழில் அந்தத் திருட்டு பிடிஎஃப் எழுத்தாளர் வயிற்றில்தான் அடிக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பூட்டில் மாட்டிக்கொண்டது காசு கொடுத்த நான்தானே? டோர் என்ற அறிவியல் புனைகதைப் பதிப்பகம் 2012-இல் பூட்டையே எடுத்துவிட்டது, ஒரு வருடம் கழித்து, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

சரி, கிண்டில் வாங்கலாமா? தாராளமாக. பழைய இலக்கியத்துக்கு அவற்றை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-இலிருந்து நடக்கும் மதுரைத் திட்டம் இருக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்கள் தாங்களே மனமுவந்து கொடுத்த நூல்கள் ஈபப் என்ற மின்னூல் வடிவிலும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப்பாகவும் கிடைக்கின்றன, ஈபப்பை நம் கிண்டிலுக்கென்று இருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினால் போதும். கருவிக்கு 5-க்கு 4, கடைக்கு 2.

அப்பாவுக்கு அந்த நாவலின் அச்சுப் பிரதியையே வாங்கிக் கொடுத்துவிட்டேன். படித்து முடித்து இப்போது அந்த வாக்கிங் நண்பரிடம் கொடுத்திருக்கிறார்.