கேச் ஏறுவது சுலபம், லாக் இறங்குவதுதான் எரிச்சல்

விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறிய நண்பர் ஒருவர், ஜியோகேச்சிங்குக்கு, அதாவது யாரோ ஒளித்து வைத்த பெட்டியை (கேச்) ஜிபிஎஸ் கொண்டு தேடும் விளையாட்டுக்கு, நான் வைத்திருக்கும் அதே கையடக்க ஜிபிஎஸ்ஸை வாங்கலாமா, பாக்கெட் குவெரியெல்லாம் (ஜியோகேச்சிங் தளம் மொத்தமாகத் தரும் கேச் பட்டியல்) அதில் ஏறுமா என்று கேட்டார். ஏறும். பல வருடமாக லினக்ஸை மட்டும் வைத்துக்கொண்டுதான் இதைப் பயன்படுத்துகிறேன்.

கேபிளைச் செருகினால் கருவி பென்டிரைவாகத் திறக்கும். தனி மென்பொருள், டிரைவர் எதுவும் வேண்டாம். குவெரியின் ஜிப்பை விரித்தால் இரண்டு ஜிபிஎக்ஸ் கோப்புகள் (இட விவரங்களைத் தாங்கும் கோப்பு வகை) வரும். ஒன்றில் கேச்கள், ஒரு குவெரிக்கு 1000 வரை. இன்னொன்றில் வண்டி நிறுத்துமிடம், பல இடங்களைக் கடந்து தேட வேண்டிய மல்டி கேச்சின் இடைப்புள்ளிகள். இந்த இரண்டாவதைப் பலர் காப்பி செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதையும் ஏற்றுங்கள், காட்டுக்குள் போனபின் அதன் அருமை தெரியும். ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் இரண்டையும் போட்டு, மறக்காமல் எஜெக்ட் கொடுத்துவிட்டுக் கேபிளைப் பிடுங்க வேண்டும். காப்பி முடிந்ததாகத் திரை காட்டினாலும் லினக்ஸ் பின்னால் இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம். அவ்வளவுதான் வேலை. விவரம், ஹின்ட், கடைசி 5 லாக் (தேடியவர்கள் எழுதும் பதிவு) எல்லாம் கருவியிலேயே படிக்கலாம். இலவசக் கணக்கில் கிடைக்கும் எல்ஓசி கோப்பில் இந்த வசதி கிடையாது, பெயர், ஆயத்தொலைவு போன்ற அடிப்படைத் தகவல்தான் இருக்கும். பென்டிரைவாகத் திறக்காத இன்னும் பழைய கருவிகளுக்குக் கோப்பை மாற்றி ஏற்ற ஜிபிஎஸ்பேபல் இருக்கிறது. லினக்ஸ், மேக் இரண்டிலும் ஓடும் அருமையான மென்பொருள்.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். கேச்சைக் கண்டுபிடித்ததும் கருவியிலேயே கிடைத்தது, கிடைக்கவில்லை என்று குறித்து, சின்னதாக ஒரு கருத்தும் எழுதலாம். அது ஓர் உரைக்கோப்பில் சேரும். வரிக்கு ஒரு கேச்: ஜிசி எண் (கேச்சின் அடையாள எண்), நேரம், முடிவு, கருத்து. இவ்வளவு எளிய கோப்பை லினக்ஸில் வழக்கமான யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் எழுதியிருக்கலாம். எழுதுவதோ யூடிஎஃப்-16. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றோடும் ஒரு வெற்று பைட் ஒட்டிக்கொண்டிருக்கும். டெர்மினலில் கிரெப் என்ற தேடும் கட்டளையைப் போட்டு ஜிசி எண்ணைத் தேடினால் ஒன்றும் வராது. கண் முன்னால் இருக்கிற வரியை இல்லை என்கிறது! ஐகான்வ் என்ற கட்டளை கொண்டு குறியாக்கத்தை மாற்றிய பிறகுதான் தேடவோ பிரிக்கவோ முடியும். நேரமும் நம் உள்ளூர் நேரமாக இல்லாமல் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும். நள்ளிரவை ஒட்டித் தேடினால் லாக்கின் தேதி சரிதானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இதைவிட மோசம், அந்தக் கோப்பு தானாகக் காலியாவதே இல்லை. அதை ஜியோகேச்சிங் தளத்தில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் பழைய லாக்குகளும் சேர்ந்து போகும். இந்தத் தேதிக்கு முன் உள்ளவற்றை விடு என்று தளத்தில் சொல்லலாம், உண்மைதான். ஆனால் அதற்குக் கடைசியாக எப்போது ஏற்றினோம் என்பது நினைவிருக்க வேண்டுமே. அழித்துவிடலாம் என்று ஃபைல் மேனேஜரில் டெலீட் கொடுத்தால், கருவிக்குள்ளேயே மறைவான குப்பை ஃபோல்டர் ஒன்று உருவாகி அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய ஜிபிஎக்ஸ் கோப்புகளுக்கும் இதே கதிதான். குப்பையைக் காலி செய்யும்வரை இடம் திரும்பாது. ஷிஃப்ட்டோடு டெலீட் அழுத்தினால் நேரடியாகப் போய்விடும், அப்படியே பழகிக்கொள்ளுங்கள்.

லாக் எழுதுவது சும்மா எண்ணிக்கைக்காக இல்லை. கேச்சை ஒளித்து வைத்தவருக்கு அதில் கிடைக்கும் கைமாறு அது ஒன்றுதான். அதைத் திருப்பிக் கொண்டுவருகிற வழியில் இத்தனை அலட்சியம் காட்டியிருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால் நண்பரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். புதிய மாடல்கள் சில பென்டிரைவாக இல்லாமல் எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாகத்தான் இணைகின்றன, மேக்கில் அதற்குத் தனி மென்பொருள் வேண்டும், லினக்ஸில் திறந்துவிடும் என்பதையும் சொன்னேன். பேட்டரி, சிக்னல், மழையில் நனைந்தாலும் அசையாத உடம்பு, இவற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம்தான்.