டேங்கர் லாரியா, தண்ணீர்க் கணக்கா?

மகாராஷ்டிரத்தின் வறண்ட கிராமங்களுக்குக் கோடைதோறும் அரசு டேங்கர் லாரி அனுப்புகிறது. லாரிச் சத்தம் கேட்டதும் பெண்கள் குடங்களோடு ஓடிவருகிறார்கள், மறு கோடையிலும் அதே ஓட்டம்தான். உயிர்காக்கும் அவசர உதவி அது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கிராமங்களைக் கைவிட்டதை மறைக்கும் திரையாக அது ஆண்டுக்கணக்கில் நீடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அங்கே அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்து ஹிவாரே பஜார் என்ற கிராமம் வேறு வழியைத் தேர்ந்தது. 1989இல் ஊராட்சித் தலைவரான போபட்ராவ் பவார், அரசுத் திட்டங்களின் நிதியைக் கொண்டே மலைச்சரிவுகளில் மழைநீரைத் தேக்கும் அகழிகளை வெட்டவைத்ததோடு, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதையும் தண்ணீரை உறிஞ்சும் கரும்பைப் பயிரிடுவதையும் ஊர்மக்களின் ஒப்புதலுடன் நிறுத்தினார். மழைமானி காட்டும் அளவைக் கிராமசபையில் வைத்து, குடிநீருக்கும் கால்நடைகளுக்கும் ஒதுக்கியபின் மிஞ்சுவதற்கேற்பவே அங்கே பயிரை முடிவுசெய்கிறார்கள்.