புரோஸா, மத்திய கலஹாரியா: டென்ட்டை எங்க போடலாம்?

நமீபியாவுல இருக்க புரோஸ், போட்ஸ்வானாவுல இருக்க மத்திய கலஹாரி, இந்த ரெண்டு இடத்து கேம்ப்லயும் வேலி கிடையாது, மிருகங்க அது பாட்டுக்கு நம்ம டென்ட் பக்கமா நடந்து போகும். ஆனா அனுபவம் சுத்தமா வேற.

நமீபியாவோட வடமேற்குல புரோஸ், ஹோவாருசிப் ஆத்தங்கரையில ஊர்க்காரங்களே நடத்துற கேம்ப். வேல மரத்தடியில டென்ட் போடலாம், குழாய்ல தண்ணி வரும், குளிக்கவும் வசதி இருக்கு. பாலைவன யானைங்க இந்த ஆத்து வழியாத்தான் போகும் வரும், அதனால ஆரஞ்சுப் பழம் மாதிரி வாசனை அடிக்கிறத டென்ட்டுல வைக்கவே கூடாது. இன்னொன்னு, வறண்டுதானே கெடக்குன்னு ஆத்துப்படுகைக்குள்ள மட்டும் படுத்துடாதீங்க, ஜனவரி டு ஏப்ரல்ல மேல எங்கயோ மழை பேஞ்சா இங்க திடீர்னு வெள்ளம் வந்துரும், அதுபோக அது யானை ரோடு.

போட்ஸ்வானா மத்திய கலஹாரி 1961ல அமைச்ச காப்பகம், சுமார் 52,800 சதுர கிமீ, நம்ம கேரளாவைவிட பெருசு! கேம்ப்ல குழிக் கழிப்பறையும் வாளி ஷவரும்தான், தண்ணி, டீசல், விறகு எல்லாம் நாமளே சுமக்கணும். டிசெப்ஷன் பள்ளத்தாக்குல மழைக்காலத்துல புல் முளைச்சதும் ஓரிக்ஸ், ஸ்பிரிங்பாக்னு மான் மாதிரி மிருகங்க கூட்டமா வரும், பின்னாலேயே கருப்புப் பிடரி சிங்கமும். ஆனா அதே சீசன்ல களிமண்ணுல வண்டி மாட்டும், புல் விதை ரேடியேட்டரை அடைச்சு இன்ஜின் சூடாகும், ஒத்த வண்டில போறது ரிஸ்க்.

இருட்டினப்புறம் டார்ச் அடிச்சுப் பாக்காம டென்ட்டவிட்டு இறங்காதீங்க, ஷூவையும் உள்ள எடுத்து வச்சுக்கோங்க, கழுதைப்புலி தூக்கிட்டுப் போயிரும்.

முதல் தடவைன்னா என் ஓட்டு புரோஸுக்குத்தான். ராத்திரி சிங்கக் கர்ஜனைதான் வேணும்னா கலஹாரி.