லாவோஸ் கல்யாணம்: காலைச் சடங்கா, மாலை விருந்தா?

லாவோஸில் கொஞ்ச காலம் தங்கி வேலை பார்த்தாலே கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்துவிடும். ஜூலை முதல் அக்டோபர் வரையிலான பௌத்த மழைக்கால நோன்பில் பொதுவாகக் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அது முடிந்ததும் வரிசையாக அழைப்புகள்தான். காலையில் பெண் வீட்டில் பாஸி எனப்படும், மணிக்கட்டில் நூல் கட்டி வாழ்த்தும் சடங்கு, மாலையில் மண்டபத்திலோ ஓட்டலிலோ விருந்து. வெளிநாட்டவர்கள் பலர் மாலையில் மட்டும் தலையைக் காட்டிவிட்டு வருகிறார்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், காலைக்குப் போங்கள் என்பேன்.

காரணம், கல்யாணம் நடப்பதே அப்போதுதான். மாப்பிள்ளை குடை பிடித்து, ஆட்டம் பாட்டத்தோடு ஊர்வலமாக வருவார். பெண் வீட்டு வாசலில் உறவினர்கள் குறுக்கே சங்கிலி பிடித்து மறிப்பார்கள். கேள்வி, பேரம், ஆளுக்கொரு வாய் அரிசிச் சாராயம், கொஞ்சம் பணம் என்று கொடுத்துத்தான் உள்ளே போக முடியும். பெண்ணின் தங்கை முறையுள்ள ஒருத்தி மாப்பிள்ளையின் காலைக் கழுவிவிட, அவளுக்கும் பணம் உண்டு. மாப்பிள்ளை பக்கத்து விருந்தாளி என்றால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

உள்ளே வாழையிலையைக் கூம்பாக மடித்து, செவ்வந்திப் பூ செருகிய பா குவான் என்ற சடங்குத் தட்டு இருக்கும். அதில் வெள்ளை நூல்கள் தொங்கும்; அதையொட்டி முட்டை, வேகவைத்த கோழி, ஒட்டரிசிச் சோறு, பழங்கள். மனிதனுக்குள் 32 குவான், அதாவது உயிர்கள், இருப்பதாகவும் அவை அலைந்து திரியும் என்றும் லாவோ மக்கள் நம்புகிறார்கள். பெரியவர் ஒருவர் மந்திரம் ஓதி அவற்றைத் திரும்ப அழைப்பார். பிறகு ஒவ்வொருவராக மணமக்களின் மணிக்கட்டில் நூல் கட்டி வாழ்த்துவார்கள். நீங்களும் கட்டலாம். தமிழிலேயே வாழ்த்துங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கூட்டத்தில் கை எட்டாவிட்டால் முன்னால் இருப்பவரின் முழங்கையைத் தொட்டுக்கொண்டால் போதும், வாழ்த்து போய்ச் சேரும். உங்கள் கையிலும் கட்டுவார்கள். அதைக் குறைந்தது மூன்று நாள் வைத்திருங்கள். கத்தரிக்கோலால் வெட்டாமல் முடிச்சை அவிழுங்கள்.

சிரமமும் உண்டு. தரையில் காலைப் பக்கவாட்டில் மடித்து வெகுநேரம் உட்கார வேண்டும். பாதம் யாரையும், அந்தத் தட்டையும் பார்த்து நீளக் கூடாது. முட்டி வலி உள்ளவர்களுக்கு மாலைதான் சரி. மணமக்களை அவ்வளவாகத் தெரியாதவர்களுக்கும் அதுவே பொருத்தம். காலைச் சடங்கு நெருங்கியவர்களுக்கானது. உங்களை அதற்குத் தனியாகக் கூப்பிட்டிருந்தால் அது பெரிய மரியாதை. கூப்பிடாவிட்டால் நீங்களாகப் போகாதீர்கள்.

மாலையில் நாற்காலி, மேசை, பெரிய ஒலிபெருக்கி. மணமக்களும் பெற்றோரும் வாசலில் நின்று வரவேற்று ஒரு சிறு கோப்பை மது நீட்டுவார்கள். சாப்பிட்டு முடிந்து லாம்வோங் தொடங்கும். ஒருவரையொருவர் தொடாமல் கையை மெல்ல அசைத்து வட்டமாக நகரும் இந்த ஆட்டம் 2024-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கூப்பிட்டால் மறுக்காமல் எழுந்து போங்கள். அடி தப்பினாலும் பரவாயில்லை. மாலையை நான் விரும்புவது இந்த ஒன்றுக்காகத்தான். குடிக்காதவர்களுக்கு அங்கே சங்கடம் அதிகம், பியர் கோப்பை சுற்றிச் சுற்றி வரும். உதட்டில் வைத்துவிட்டுச் சிரித்தபடி திருப்பிக் கொடுங்கள்.

சைவர்களுக்கு இரண்டு வேளையும் கஷ்டம்தான். லாப் என்பது கொத்திய இறைச்சி. பப்பாளிக் கலவையில்கூட மீன் சாறு இருக்கும். ஒட்டரிசிச் சோறும் பழமும் கிடைக்கும். வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

உடைக்கு, பெண்கள் காலையில் சின் பாவாடையும் தோளில் குறுக்காகப் போடும் துணியும் அணிந்தால் வீட்டாருக்கு மகிழ்ச்சி. தலைநகர் வியன்டியானில் தலாத் சாவோ சந்தையில் கிடைக்கும். மாலைக்குப் பட்டுப்புடவையும் பொருந்தும். கறுப்பும் முழு வெள்ளையும் துக்கத்தை நினைவூட்டும், தவிர்த்துவிடுங்கள்.

மொய் இரண்டுக்கும் வேறு வேறு மாதிரி. மாலையில், பத்திரிகை வந்த உறையிலேயே பணம் வைத்து, பெயர் எழுதி, வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். காலையில் நூலோடு கையில் வைக்கப் புதிய கிப் (லாவோஸ் நாணயம்) நோட்டுகள் சில போதும். தொகை எவ்வளவு என்பதை, அதே கல்யாணத்துக்குப் போகும் உள்ளூர் நண்பரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.