இனிப்பு மாற்றா, இனிப்புக் குறைப்பா?

முழுத் தானியம், பருப்பு, காய், பழம், கொட்டை என்று என் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஏறத்தாழ எல்லாம் ஓரிரு மாதங்களில் பழகிவிட்டது. காபியும் காலை ஓட்ஸும்தான் முரண்டு பிடித்தன. இரண்டிலும் இனிப்பு இல்லாமல் எனக்குத் தொண்டையில் இறங்காது. முதல் ஒன்றரை ஆண்டு, சர்க்கரைக்குப் பதிலாக ஸ்டீவியா என்ற மாற்று இனிப்பூட்டியின் சொட்டுகளை வைத்துச் சமாளித்தேன். பிறகு அதை நிறுத்திவிட்டு, இனிப்பின் அளவையே படிப்படியாகக் குறைத்தேன். இரண்டையும் செய்து பார்த்த பிறகு என் மனம் முழுக்க இரண்டாவது வழியின் பக்கம்தான் இருக்கிறது. இந்த ஒப்பீட்டிலும் அந்தச் சாய்வு இருக்கும்.

கலோரியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 16 கலோரி. மாற்று இனிப்பூட்டிகள் பெரும்பாலும் சுழியம். பற்சொத்தை விஷயத்திலும் மாற்றுகளே மேல்.

பாதுகாப்பைப் பற்றிய அச்சம் பல நேரம் அளவுக்கு மீறிப் போகிறது. 2023 ஜூலையில், டயட் பானங்களில் சேர்க்கப்படும் அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டியை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. அதே நாளில் உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான பன்னாட்டு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று சொன்னது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த வரம்பைத் தாண்ட, ஒரு நாளில் 9 முதல் 14 டின் டயட் பானம் குடிக்க வேண்டும். முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை. பிறவியிலேயே ஃபினைல்கீட்டோனூரியா (ஃபினைலலனைன் என்ற புரதக் கூறை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத குறைபாடு) உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்ட்டேமை முற்றிலும் தவிர்த்தாக வேண்டும்.

ஸ்டீவியாவை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது ‘இலையிலிருந்து வருகிறது’ என்ற எண்ணம். பராகுவே பகுதியின் குவாரனி மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திய செடி என்பது உண்மை. ஆனால் நாம் வாங்குவது இலையன்று. இலையை வெந்நீரில் ஊறவைத்து, பிசின் வழியே வடித்து, ஆல்கஹாலில் படிகமாக்கிப் பிரித்தெடுத்த ஸ்டீவியால் கிளைகோசைடு என்ற இனிப்புப் பொருள் அது. சிறு பொட்டலங்களில் வருவதென்றால், அளவைக் கூட்டுவதற்காகச் சேர்த்த டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரையோ எரித்ரிட்டால் என்ற இன்னொரு மாற்று இனிப்பூட்டியோதான் பெரும்பங்கு. கெடுதல் என்று இதைச் சொல்லவில்லை. அதிகம் பதப்படுத்தாத ‘முழு உணவு’ என்ற கணக்கில் மட்டும் இதைச் சேர்க்க முடியாது. வெள்ளைச் சர்க்கரையும் இப்படித்தான் பிரித்தெடுக்கப்படுகிறது. அந்த வகையில் இரண்டும் ஒரே வரிசை.

தேன் இதற்கு விதிவிலக்கு என்று நினைப்பவர்கள் அதிகம். உலக சுகாதார அமைப்பின் 2015 வழிகாட்டுதலில் தேன், பாகு, பழச்சாறு மூன்றும் ‘தனிச் சர்க்கரை’ என்ற ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. நாளின் ஆற்றலில் இவை 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குள், அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது. முழுப் பழம் அந்தத் தலைப்பில் இல்லை. ஆகவே ஓட்ஸில் நறுக்கிப் போடும் பேரீச்சம்பழம் முழு உணவுதான். ஆனாலும் அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை என்பதை மறந்து கைநிறைய அள்ளக் கூடாது.

என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவுமில்லை, நாக்குதான்.

ஸ்டீவியா சர்க்கரையைப் போல 200 முதல் 300 மடங்கு இனிப்பு என்பார்கள். அந்த எண்ணைக் கண்டு மிரள வேண்டியதில்லை. அதற்கேற்பத்தான் சொட்டுச் சொட்டாகப் போடுகிறோம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டாவது கரண்டிச் சர்க்கரையை எடுக்கும்போது மனம் ஒரு கணம் தயங்கும். இரண்டாவது சொட்டுக்கு அந்தத் தயக்கம் வராது, ஏனென்றால் கணக்கில் எதுவும் கூடுவதில்லை. நான் நான்கு சொட்டில் தொடங்கினேன். ஓராண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது ஏழு. அந்த நாட்களில் ஆரஞ்சு புளித்தது, ஆப்பிள் சப்பென்று இருந்தது. பழத்தையும் காயையும் விரும்பிச் சாப்பிட வேண்டும் என்றுதான் இந்த உணவுமுறைக்கே வந்தேன். சர்க்கரையைக் குறைத்த நான் இனிப்பைக் குறைக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதனால் சொட்டை நிறுத்திவிட்டுச் சர்க்கரைக்கே திரும்பினேன். கோப்பைக்கு ஒன்றரைத் தேக்கரண்டி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் தேக்கரண்டி குறைப்பு. பத்து வாரத்தில் கால் தேக்கரண்டியில் வந்து நின்றது. முதல் இரண்டு குறைப்புகள் கடினமாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நாள் காபியே பிடிக்கவில்லை. ஆறாவது வாரத்தில் ஒரு நாள் வேகவைத்த காரட் இனித்தது. பிறகு பால். பாலில் ஏறத்தாழ 5 விழுக்காடு லாக்டோஸ் என்ற இயற்கைச் சர்க்கரை இருக்கிறது. அந்த இனிப்பை அதற்கு முன் நான் உணர்ந்ததே இல்லை.

இது என் கற்பனை இல்லை என்பதற்கு 2016இல் வெளியான ஓர் ஆய்வு துணை நிற்கிறது. சர்க்கரையை 40 விழுக்காடு குறைத்து மூன்று மாதம் சாப்பிட்டவர்கள், அதே புட்டிங்கை மற்றவர்களைவிடக் கூடுதல் இனிப்பாக உணர்ந்தார்கள். ஆனால் குறைந்த இனிப்பு அவர்களுக்குப் பிடித்துப்போகவில்லை. நாக்கின் கூர்மை மாறியதே தவிர விருப்பம் அப்படியேதான் இருந்தது. என் அனுபவத்தில் விருப்பமும் மாறியது. அது ஒரு நாக்கின் கதை மட்டுமே. எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும் என்று நான் உறுதி கூற மாட்டேன்.

எடைக் குறைப்புக்காக மாற்றுகளை நாடுபவர்கள் உலக சுகாதார அமைப்பு 2023 மே மாதம் சொன்னதைக் கவனிக்க வேண்டும்: உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக இவற்றைப் பயன்படுத்த வேண்டாம். குறுகிய காலச் சோதனைகளில் எடை சற்றுக் குறைந்தது உண்மை; நீண்ட கால அவதானிப்புகளில் அந்தப் பலன் தெரியவில்லை. ஏற்கெனவே எடை கூடியவர்களே மாற்றுகளை அதிகம் நாடுவதால் கணக்கு திரிந்திருக்கலாம் என்பதால்தான் அதை நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரையாக வைத்தார்கள். 2022இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனம் 120 பேரை வைத்துச் செய்த சோதனையில், சாக்கரின், சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டிகள் சிலருடைய குடல் நுண்ணுயிர்களையும், இரத்தச் சர்க்கரையை உடல் கையாளும் விதத்தையும் மாற்றின. சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை.

எரித்ரிட்டால், சைலிட்டால் என்ற மாற்று இனிப்பூட்டிகளில் என் அனுபவம் சொற்பம். ஒரே ஒரு முறை எரித்ரிட்டாலில் கேக் செய்தேன். நிறம் ஏறவில்லை, வாயில் ஒரு குளிர்ச்சி தங்கியது. அதே கேக்கைப் பேரீச்சம்பழ விழுதில் செய்தபோது ஈரமும் நிறமும் நன்றாக வந்தன. சைலிட்டால் அதிகமானால் வயிறு உப்பும். நாய் வளர்க்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். சிறு அளவே நாயின் உயிரைப் பறிக்கும்.

என் அக்காவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. நான் மேலே சொன்ன 2023 பரிந்துரை அவருக்குப் பொருந்தாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தேநீரில் அவர் போடும் சுக்ரலோஸ் மாத்திரையை விடும்படி நான் ஒருபோதும் சொன்னதில்லை. சர்க்கரைக்குத் திரும்பிக் குறைக்கும் என் வழி அவருக்கு ஆகாது. ஆனால் என் காரட் கதையைக் கேட்டபின் கோப்பைக்கு இரண்டு மாத்திரையை ஒன்றரையாக்கினார், பிறகு ஒன்றாக்கினார். இப்போது அரை மாத்திரையில் முயன்றுகொண்டிருக்கிறார்.