கிராக்கோவில் "கம்யூனிஸ்ட் காலத்து கார் டூர்" புக் பண்றீங்களா? கொஞ்சம் நில்லுங்க

போலந்தில் கிராக்கோவுக்குப் போகிறவர்கள், அதுவும் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் காசைக் கட்டுங்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை. விவகாரம் இன்னும் பேங்கில் இருக்கிறது.

எங்கள் அப்பா நெய்வேலி முதல் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சோவியத் உதவியோடு கட்டிய நிலையம் அது. ஜெர்மனிக்கு எங்களைப் பார்க்க வந்தவரிடம், "கிராக்கோ பக்கத்துல ஒரு ஸ்டீல் டவுன்ஷிப் இருக்குப்பா, ஸ்டாலின் காலத்துல கட்டினது" என்று சொன்னதும், கோட்டையும் அரண்மனையும் வேண்டாம், அதைக் காட்டு என்று பிடித்துக்கொண்டார். நோவா ஹூத்தா. 'புதிய உருக்காலை' என்று அர்த்தம். 1949இல் வேலையைத் தொடங்கி, 1954இல் லெனின் பெயரில் ஆலை உற்பத்திக்கு வந்தது.

ஆன்லைனில் ஒரு டூர் கிடைத்தது. கிழக்கு ஜெர்மனியில் செய்த டிராபன்ட் 601 கார், நோவா ஹூத்தாவில் பிறந்து வளர்ந்த டிரைவரே கைடு, பழைய காலத்து 'பால் பாரில்', அதாவது மலிவு விலை உணவகத்தில், சாப்பாடு, மொத்தம் இரண்டரை மணி நேரம். மூன்று பேருக்கு 540 ஸ்லோட்டி (போலந்துப் பணம்). டிராபன்ட் டூ-ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றணும், பழைய சேட்டக் மாதிரியே புகை விடும் என்று நான் ரயிலில் வரும்போதே அப்பாவிடம் அளந்துவிட்டிருந்தேன்.

வந்தது டிராபன்ட் இல்லை, ஃபியட் 126. போலந்துக்காரர்கள் 'மாலுக்', அதாவது பொடியன், என்று செல்லமாகக் கூப்பிடும் கார். 1973 முதல் 2000 வரை அந்த நாட்டிலேயே செய்தது. நியாயமாகப் பார்த்தால் கிழக்கு ஜெர்மனி டிராபன்ட்டைவிட இதுதான் அந்த ஊர்க் கார். முதலிலேயே சொல்லியிருந்தால் சந்தோஷமாக ஏறியிருப்போம். கேட்டதற்கு, "இதுவும் கம்யூனிஸ்ட் கார்தான்" என்றான் டிரைவர் பையன். இருபது வயசு இருக்கும். பின் சீட்டில் நானும் மனைவியும் முழங்காலைத் தாடையில் முட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். எஞ்சின் எங்கள் முதுகுக்குப் பின்னால் கதறுகிறது. முன் சீட்டில் அப்பா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்: "ஏண்டா, டூ-டி ஆயில் வாசனையே வரலையே?"

இதோடு போயிருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன்.

இருபது நிமிஷம் ஓட்டிப்போய் ஓரிடத்தில் நிறுத்தி, "நோவா ஹூத்தா" என்றான். சுற்றிலும் பத்து மாடிக் கான்கிரீட் பலகைக் கட்டடங்கள், ஒரு சூப்பர் மார்க்கெட், ஒரு கார் பார்க்கிங். போனில் பதிவு செய்த இங்கிலீஷ் விளக்கத்தைப் போட்டுவிட்டு சிகரெட் பற்றவைத்தான். நடுவில், "லெனின் சிலை இங்கேதான் நின்றது" என்று பார்க்கிங்கைக் காட்டிக் கை நீட்டினான். நாங்களும் தலையாட்டினோம்.

அப்பா மட்டும் ஆட்டவில்லை. கழுத்தை நீட்டி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "பிளான்ட் எங்கடா?" என்றார். "டவுன்ஷிப்புன்னா ஆலைக்குப் போற ரோடுதான் முதல்ல கண்ணுல படணும். ஷிஃப்ட் விட்டா ஜனம் எப்படிப் போய் வரும்? இது ஏதோ ஹவுசிங் போர்டு."

மேப்பைத் திறந்தேன். நாங்கள் நின்றது ஊருக்கு வடக்கே. நோவா ஹூத்தா அங்கிருந்து கிழக்கே பல கிலோமீட்டர். பையனிடம் காட்டினால், "அங்கே ரோடு வேலை நடக்கிறது, இதுவும் அதே மாதிரிதான்" என்கிறான். பால் பார் என்று கூட்டிப்போன இடம் ஃப்ரிட்ஜ் காந்தமும் வோட்காவும் விற்கும் கடை. டூர் ஒரு மணி பத்து நிமிஷத்தில் முடிந்தது. பாக்கிக் காசுக்குக் கார்டைத் தேய்த்தபோது மிஷினில் யூரோவா ஸ்லோட்டியா என்ற கேள்விக்கு அவனே யூரோவை அழுத்திவிட்டான். யூரோவாக மாற்றுவது அவர்கள் வைத்த ரேட்டில், அதிலும் நமக்கு நஷ்டம். மிஷினை உங்கள் கையில் வாங்கி ஸ்லோட்டியை அழுத்துங்கள்.

மெயில் போட்டேன். "அல்லது இணையான வாகனம்", "போக்குவரத்துக்கேற்ப வழி மாறலாம்" என்று விதிமுறையில் இருக்கிறதாம். பத்து சதவீதக் கூப்பன் தருகிறார்களாம், அடுத்த டூருக்கு!

மறுநாள் 4ஆம் எண் டிராமில் நாங்களே போனோம். எந்த ரோடு வேலையும் இல்லை. மத்தியச் சதுக்கத்தில் இறங்கினால், தூண் வைத்த வளைவு நடைகளோடு ஐம்பதுகளின் கனமான கட்டடங்கள், அங்கிருந்து விசிறி மாதிரி பிரியும் அகலச் சாலைகள். லெனின் பெயர் வைத்த ஆலைக்காகக் கட்டிய ஊரின் சதுக்கத்துக்கு 2004இல் ரொனால்ட் ரீகன் பெயரை வைத்துவிட்டார்கள். லெனின் சிலை நின்றது பக்கத்தில் உள்ள ரோஜா சாலையில், 1973 முதல் 1989 வரை. 1979இல் யாரோ குண்டு வைத்து அதன் காலில் ஒரு பகுதியைப் பெயர்த்திருக்கிறார்கள். குடியிருப்புகளுக்கு முதலில் ஏ-1, பி-1 என்று எழுத்தும் எண்ணும்தான் பெயர் என்று நான் படித்துச் சொன்னதும் அப்பா, "நம்ம நெய்வேலி பிளாக் நம்பர் மாதிரி" என்றார். கோயிலே இல்லாத ஊராகத் திட்டமிட்டதும், தேவாலயத்துக்காக நட்ட சிலுவையை அகற்ற வந்தபோது 1960இல் ஜனங்கள் போலீசோடு மோதியதும், பிறகு 1977இல் கப்பல் வடிவத் தேவாலயம் எழும்பியதும், அதைத் திறந்துவைத்த கர்தினால் மறு வருஷமே போப் ஆனதும் தனிக் கதை.

முன்பு லெனின் பெயரில் இருந்து இப்போது கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் பெயரில் இருக்கும் சாலை நேராக ஆலை வாசலுக்குப் போகிறது. வாசலின் இரண்டு பக்கமும் அரண்மனை மாதிரி நிர்வாகக் கட்டடங்கள். அப்பா அங்கே ரொம்ப நேரம் நின்றார். வாட்ச்மேன் ரூம் எங்கே, டைம் ஆபீஸ் எங்கே இருந்திருக்கும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

நல்ல டூர்களும் இருக்கத்தான் செய்யும். புக் பண்ணும்முன் மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்த மாடல் கார், மத்தியச் சதுக்கத்தில் இறங்கி நடக்க எவ்வளவு நேரம், ஆலை வாசல் உண்டா. எழுத்தில் பதில் வாங்குங்கள். டிராபன்ட் என்றால் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 601இல் பெட்ரோல் டேங்க் அதற்குள்ளேயே இருக்கும், குச்சியை விட்டுத்தான் அளவு பார்ப்பார்கள். வண்டியில் ஏறியதும் மேப்பை ஓடவிடுங்கள்.

அன்றைய மேப் பதிவு, கார் போட்டோ, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்து கார்டு பேங்கில் புகார் கொடுத்து பதினெட்டு நாள் ஆகிறது. அப்பா ஊருக்குப் போய்விட்டார். நேற்று போனில் காசு வந்ததா என்று கேட்கவில்லை. "அந்தப் பையன் கார் பார்க்கிங்கைக் காட்டி லெனின்னு சொன்னான் பாரு!" என்று மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.